இந்த வாரம் அவன் சாகவில்லை

தோக்குஸோ ஆன்டெனா ஒயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்ததில், ஒயரோடு சுவரும் கொஞ்சம் பெயர்ந்து கையோடு வந்தது.

மணி ஏழு ஐம்பது. எட்டுக்குத் தொடர் ஆரம்பித்துவிடும்.

சமையலறையில் மசாயே பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணியானால் மியாஸு ஊரே டிவி முன்னால்தான் கிடக்கும். அந்தச் சரித்திரத் தொடரில் ஹிராக்கி குலமும் மொரிசாவா குலமும் ஜனவரியிலிருந்து ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தால் மசாயேவுக்கு என்ன? அவள் பார்ப்பதெல்லாம் சாகிறவர்களை.

அவள் மகன் ஷின்பெய் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பெயரில்லாத காலாள் வீரன். வெட்டுப்பட்டு விழுவதுதான் அவன் உத்தியோகம். படப்பிடிப்பில் காலையில் சிவப்புக் கொடிக்காகச் சாவான். சாப்பிட்டுவிட்டு, கவசத்தை மாற்றிக்கொண்டு, மதியம் கறுப்புக் கொடிக்காகச் சாவான்.

"என்னங்க, இன்னிக்கும் செத்துட்டான்!" என்று குளியலறை வரை கேட்கும்படி கத்துவாள் மசாயே.

தோக்குஸோ வெந்நீர்த் தொட்டிக்குள் கிடப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால், "உங்க படகுப் பட்டறை எனக்கு வேணாம், நடிக்கப் போறேன்" என்று மகன் பையைத் தூக்கியபோது, "அப்ப இனிமே நீ எனக்குச் செத்தவன்" என்று சொன்ன மனிதர். அன்றிலிருந்து மகன் பெயரை வாயால் சொன்னதில்லை. அப்படி ஒரு வீம்பு!

ஆனால் வீம்பெல்லாம் வீட்டுக்குள் மட்டும்தான். அதே தொடர் செயற்கைக்கோள் சேனலில் ஆறு மணிக்கே வந்துவிடும். நிஷிவாக்கியின் சலூனில் அந்தச் சேனல் தெரியும். ஞாயிறு தவறாமல், இல்லாத தாடியை மழித்துக்கொள்ளப் போய், நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துவிட்டு வருவார்.

ஷின்பெய் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டவன். எவன் வெட்டினாலும் இடது தோளைக் கொடுத்துத்தான் விழுவான். முகம் தெரியாவிட்டால் என்ன, பெற்றவருக்கு அது போதும். செத்தான் என்றால் உயிரோடு இருக்கிறான். அடுத்த ஞாயிறு வரை தோக்குஸோ நிம்மதியாகத் தூங்குவார்.

மூன்று வாரமாக ஷின்பெய் சாகவில்லை.

தொடரில் சம்பந்தம் பேசினார்கள், தேநீர் குடித்தார்கள், சண்டையே வரவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மசாயேவும் மூன்று வாரமாகக் கத்தவில்லை. பாவம், அவளும் உள்ளுக்குள் தவிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இன்று ஆற்றங்கரைப் போர். வருஷத்திலேயே பெரிய போர். இருக்கிற துணைநடிகர்கள் அத்தனை பேரையும் கொண்டுவந்து கொன்றிருந்தார்கள். தோக்குஸோ கண்கொட்டாமல் ஒவ்வொரு பிணமாகத் தேடினார்.

ஒருத்தன்கூட இடது தோளில் விழவில்லை.

நிஷிவாக்கி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் வெளியே வந்தார். ஒரு மணி நேரம் படகுத்துறையில் பைத்தியம் பிடித்தவர்போல் மேலும் கீழும் நடந்தார். நோயா? விபத்தா? யாரிடம் கேட்பது? கேட்க என்ன முகம் இருக்கிறது? அதைவிட, மசாயே இதைப் பார்த்தால்? தாங்கவே மாட்டாள். அப்படியே விழுந்துவிடுவாள்.

அதற்குத்தான் இந்த ஒயர்.

மசாயே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிவியைப் போட்டாள். படம் வரவில்லை. இரண்டு தட்டுத் தட்டினாள். அப்போதும் வரவில்லை.

"அட, இதுக்கு வேற வேளையே கெடைக்கலயா? சரி, நான் ஒக்குமுரா வீட்ல பாத்துட்டு வந்துடறேன்" என்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

தோக்குஸோ ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"போகாத, மசாயே. நான் ஆறு மணிக்கே பாத்துட்டேன். வந்தான். செத்தான். ரொம்ப நல்லாச் செத்தான்."

"யாரு?"

அவர் கதவுப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஷின்பெய்" என்றார். "நம்ம ஷின்பெய்."

மசாயே மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

"எப்படி விழுந்தான்?"

அறுபத்தெட்டு வயது மனிதர். மூலையில் இருந்த குடையை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இடது தோளைக் கொடுத்து, தடாலென்று பாயில் விழுந்தார்.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஐயோ, வாய்கூசாமல் பொய் சொல்லிவிட்டோமே. பிள்ளை எங்கே எப்படிக் கிடக்கிறானோ.

மசாயே குடையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு தொலைபேசி இருந்த இடத்துக்குப் போனாள். சீட்டு எதையும் பார்க்கவில்லை. விரல்கள் பாட்டுக்குப் பதினோரு எண்களைத் தட்டின.

"டேய், லாரி ஓட்டிட்டிருக்கியா? மொதல்ல ஓரமா நிறுத்து."

தோக்குஸோ பாயிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவர் வாயால உன் பேரச் சொன்னாத்தான் வீட்டுப்படி மிதிப்பேன்னியே. சொல்லிட்டார்டா. ரெண்டு தடவ. நடிப்ப விட்டதயெல்லாம் நீயே நேர்ல வந்து சொல்லிக்க."