இரண்டு சென்டிமீட்டர்

"பானையை ஏத்தலாமா, கூடாதா? கோழி வெட்டியாச்சு, வாழைக்காய் உரிச்சாச்சு. தெளிவா ஒரு வார்த்தை சொல்லு!" போனில் கத்தினான் ரூபியேல்.

ஆபீஸில் இருந்த அவன் மனைவி யாமிலேவுக்கு அழுகை முட்டியது. ஞாயிறானால் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி சாங்கோச்சோ சூப் காய்ச்சாமல் அந்த ஊருக்கு ஆகாது. மூன்று ஞாயிறாக, சூப் கொதிக்கும் நேரம் பார்த்து வெள்ள அபாயச் சங்கு அலறி, ஊரே பானையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடியது. ஆற்றிலோ கணுக்கால் நனையத்தான் தண்ணீர்!

தப்பு அவளுடைய கம்பைலரில். ஆபீஸ் கணினியில் எழுதும் நிரலை, மலைமேல் ஆற்றை அளக்கும் கருவிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அது. இங்கே எண்ணின் சின்னப் பாதி முன்னால், அங்கே பெரிய பாதி முன்னால். பாதிகள் இடம் மாறிவிட்டால், தண்ணீர் 2 சென்டிமீட்டர் ஏறினால் 512 என்று காட்டும். 512 ஏறினால் 2 என்று காட்டும். முந்நூறைத் தாண்டினால் சங்கு தானாக ஊதிவிடும்.

இன்றுதான் அந்த ஒற்றை வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். 'இரண்டு கோப்புகள் மாறியுள்ளன' என்றது திரை. சரி என்று அமுக்கி, புது நிரலை மலைக்கு அனுப்பினாள். முதல் அளவு வந்து விழுந்தது: 2.

"ஏத்துடா! ரெண்டே ரெண்டுதான்!"

"என் தங்கமே! போனை மேட்டுல வண்டியிலேயே வச்சிட்டு இறங்குறேன். உன் மக சலோமே இப்பவே தண்ணிக்குள்ள நிக்கிறா."

கூட வேலை பார்க்கும் எதில்பெர்த்தோ காபியோடு உள்ளே வந்தான். "என்ன இன்ஜினியரம்மா, முகத்துல இன்னைக்குத்தான் களை வந்திருக்கு?"

"பிழை ஒழிஞ்சுது. கம்பைலர்லயே பாதிகளைத் திருப்பிட்டேன்."

அவன் திரையைப் பார்த்தான். காபியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

"ரூபியேலைக் கூப்பிடு. எல்லாரும் மேட்டுக்கு ஏறட்டும். சீக்கிரம்!"

அவள் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். ஆற்றங்கரைக்கு வண்டியில் போனாலும் நாற்பது நிமிடம். அவசரத்தில் எண்கள் தப்பின.

"ஏன்டா, ரெண்டுதானே காட்டுது? சொல்லித் தொலையேன்!"

அவன் திரையில் 'இரண்டு கோப்புகள்' என்ற வரியைத் தொட்டுக் காட்டினான்.

"காலைல கருவியோட நிரல்ல நானும் அதே பாதிகளைத் திருப்பி வச்சேன்."