மரமே இறங்கி வந்த காலம்

குளத்துத் தலைமைக்கு மைனாக்களை எதிர்த்து யார் நிற்பது என்று முடிவு செய்ய, அரசமரத்துக் காகங்கள் முதலில் தங்களுக்குள் ஒரு தேர்தல் வைத்தன. அண்டங்காக்கையும் சாம்பல்கழுத்துக் காகமும் மோதின.

ஆதரவு சரிபாதியாக இருந்தது. அண்டங்காக்கை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து, தன் கிளைக் காகங்களிடம் சொன்னது.

"இனிமே தீனி கிடைச்சா ஊரையே கூப்பிடாதீங்க. நம்ம கிளைய மட்டும் கூப்பிடுங்க. பசிச்சா மத்தவங்க தானா நம்ம பக்கம் வருவாங்க."

அப்படியே வந்தன. அண்டங்காக்கை ஜெயித்தது. ஆனால் அதற்குள் எல்லாக் கிளைகளும் அதே பழக்கத்துக்கு வந்திருந்தன.

பெரிய தேர்தலன்று மைனாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. அண்டங்காக்கை உச்சியில் நின்று தொண்டை வறளக் கரைந்தது. கூப்பிடுவது பக்கத்துக் கிளையைத்தான் என்று நினைத்து ஒவ்வொரு கிளையும் சும்மா உட்கார்ந்திருந்தது. குளம் மைனாக்களுக்குப் போனது.

வருஷங்கள் கழித்து ஒரு சாயங்காலம், குளக்கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன பரோட்டா ஒன்று அண்டங்காக்கைக்குக் கிடைத்தது. பழைய நினைப்பில் அது உரக்கக் கரைந்தது. சாம்பல்கழுத்து மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"முன்னெல்லாம் ஒரு குரல் கொடுத்தா மரமே இறங்கி வருமே," என்றது அண்டங்காக்கை.

"ஆமா. ஆளுக்கு ஒரு கொத்துகூடத் தேறாது. அடிச்சுக்கிட்டே தின்போம்," என்றது சாம்பல்கழுத்து.

இரண்டும் வயிறு நிறையத் தின்றன. பாதி பரோட்டா அப்படியே கிடந்தது.