அடிபட்டவரைப் பார்க்கணும்

"அடிபட்டது யாரும்மா?" வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"என் வீட்டுக்காரர் சார். ஆபீஸ்ல மேல்கூரை பேந்து தலையில விழுந்துடுச்சு."

"கட்டடத்துச் சொந்தக்காரர் என்ன சொல்றார்?"

"ஆள் நல்லாத்தானே பேசறார், எதுக்கு நஷ்டஈடுன்னு கேக்கறார்."

"பேசினா ஆச்சா? ஒரு கை பார்த்துடலாம். வேற என்ன கஷ்டம்?"

"நேத்து நடந்தது இன்னைக்கு ஞாபகமில்ல. என்னையே யாருன்னு தெரியல."

வக்கீலின் பேனா நின்றது. "பாவம்மா நீங்க. நாளைக்கு அவரைக் கையோட கூட்டிட்டு வாங்க. நான் நேர்ல பார்க்கணும்."

"சரிங்க சார்."

அவர் எழுதிய தாளை, நேற்றும் முந்தாநாளும் எழுதிய தாள்களோடு சேர்த்து வைத்தாள். எல்லாவற்றிலும் இதே கேள்விகள்தான். பிறகு அவருடைய கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"சாப்பிட வாங்க, தட்டு வெச்சாச்சு."

"கட்சிக்காரங்க வீட்டுல நான் கை நனைக்கிறதில்லம்மா" என்றார், அவள் கணவர்.