ஜெயசீலன் நின்ற இடம்

ஜெயசீலன் இறந்ததும் அவன் நடித்த எல்லாப் படங்களிலிருந்தும் அவன் உருவத்தை அவன் வீட்டார் கணினி மூலம் அழித்துவிட்டார்கள். சட்டம் அவர்கள் பக்கம். ஆண்களான எனக்கும் அவனுக்கும் இருந்த பழைய காதல் குடும்ப மானத்துக்கு இழுக்காம்.

நாங்கள் நண்பர்களாக நடித்த படம் நேற்று எங்கள் வீட்டுச் சுவரில் ஓடியது. கடற்கரையில் இளவயது நான் ஓடிவந்து, வெறும் காற்றைக் கட்டிப்பிடித்து அழுகிறேன். ஐம்பது வயது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினைந்து வருடமாக என்னோடு வாழும் வேலாயுதம் படத்தை நிறுத்தினான். எழுந்துபோய், சுவரில் விரிந்திருந்த என் கைகளுக்கு நடுவே நின்றான்.

"இங்கதானே நின்னாரு?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

நகர்ந்தான்.

"கொஞ்சம் குனிஞ்சுக்கோ. அவன் குள்ளம்."

வேலாயுதம் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினான்.

"முட்டி வலிக்குதுடா. சீக்கிரம் படத்தை ஓடவிடு."