மூலைக் கட்டில்

நெற்றிக் காயத்துக்கு மேக்கப் போட்டவர் கைதேர்ந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். கட்டுத் துணியில் பொட்டளவு சிவப்பு. சட்டையில் பிராந்தி வாடை. கையில் ஊசிகூடக் குத்தி டியூப் மாட்டியிருந்தார்கள். ஒரு பரீட்சைக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று வியந்தபடி கட்டிலருகே உட்கார்ந்தாள் பயிற்சி ஆலோசகி.

குடித்துவிட்டு அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் பத்து நிமிடம் பேசி, குடியைக் குறைக்க வைப்பதுதான் அவள் கற்றுக்கொள்ளும் வேலை. நிஜ நோயாளியிடம் விடுவதற்கு முன்னால் ஒரு நடிகரைப் படுக்க வைத்துச் சோதிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் புது ஆள். மார்க் போடுவதும் அந்த ஆள்தான்.

ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. இரண்டு முறையும் நடிகர்கள் எழுதிய காரணம் ஒன்றே: நோயாளியைத் திட்டுகிறார். இந்த முறையும் போனால் வேலை இல்லை.

"மூலைக் கட்டில். போய்ப் பேசு. போன தடவை மாதிரி சட்டையைப் பிடிச்சிடாத தாயே" என்று மேற்பார்வை மேடம் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வார்டில் ஒரு கட்டில் காலி இல்லை. ஆனாலும் பரீட்சைக்கென்று ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்களே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வணக்கம் அண்ணே. உங்க குடியப் பத்திக் கொஞ்ச நேரம் பேசலாமா? இஷ்டம் இருந்தா மட்டும்." அனுமதி கேட்பது முதல் பாடம்.

"திட்டத்தானே போறீங்க? பொண்டாட்டி இப்பதான் முடிச்சிட்டு வெளிய போனா. டீ குடிச்சுத் தெம்பா வந்து மிச்சத்தத் திட்டுவா."

நல்ல வசனம். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"குறைக்கணும்னு மனசுல எவ்வளவு இருக்கு அண்ணே? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"மூணு."

ஏன் பத்து இல்லை என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது திட்டுவதற்குச் சமம். பாடத்தில் இருந்தபடியே கேட்டாள். "ஒண்ணுன்னு சொல்லாம மூணு சொன்னீங்களே, ஏன்?"

அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது.

"ஸ்கூல் வேன் ஓட்டறேன்மா. காலைல கை நடுங்கும். கொஞ்சம் ஊத்திக்கிட்டாதான் ஸ்டியரிங் நேரா நிக்கும்." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் பொண்ணு எப்பவும் முன்சீட்டுதான். அந்த இடத்துல யாரையும் உக்கார விடமாட்டா. கொஞ்ச நாளா கடைசி சீட்டுக்குப் போயிட்டா. கதவுக்குப் பக்கத்துல. ஏன்டா கண்ணுன்னேன். சும்மாதாம்ப்பான்னா."

"இன்னைக்கு என்ன ஆச்சு?"

"பிள்ளைங்கள இறக்கிட்டுத் திரும்பறேன். மதில்ல விட்டுட்டேன். முன்னாடி இடது பக்கம் சப்பையாப் போச்சு." போர்வையை மேலே இழுத்துக்கொண்டார். "அவ உக்கார்ற சீட்டும்மா அது."

போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவள் குறுக்கே பேசவில்லை. மௌனமாக இருப்பதற்கும் தனியாக மார்க் உண்டு.

வீட்டில் அண்ணன் குடித்துவிட்டு இதே மாதிரி அழும்போது, "இந்த நாடகத்தை வேற யார்கிட்டயாவது வெச்சுக்க" என்று கதவைச் சாத்துகிறவள்தான் அவள். நாடகம் என்று தெரிந்த இடத்தில் மட்டும் இளகுகிறதே, இது என்ன மனசோ என்று ஒரு கணம் தோன்றியது. பரீட்சை நேரத்தில் அதையெல்லாம் யோசிக்க முடியாது.

"ஒரேயடியா நிறுத்திடாதீங்க அண்ணே, உடம்பு தாங்காது. நடுக்கத்துக்கு டாக்டர் மருந்து தருவார். இன்னைக்கே உங்களால முடிஞ்சது ஒண்ணு இருக்குமில்ல? அத நீங்களே சொல்லுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மை தொங்கியது.

"வேன் சாவி. நீங்களே வெச்சுக்குங்க. பொண்டாட்டிகிட்ட குடுத்தா கெஞ்சி வாங்கிடுவேன். உங்ககிட்ட வந்து கேக்க வெக்கமா இருக்கும்."

சாவி வரைக்கும் தயாராக வந்திருக்கிறார். கட்டுத் துணியின் சிவப்பு இப்போது உள்ளங்கையளவுக்குப் பரவியிருந்தது. இதை மட்டும் எப்படிச் செய்கிறார்கள் என்று அப்புறம் கேட்க வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகப் பத்து நிமிடம். சத்தம் வராமல் கைதட்டினாள்.

"பிரமாதம் அண்ணே! நானே அழுதிருப்பேன். தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா? நிஜமாக் குடிக்கிறவங்க இவ்வளவு சீக்கிரம் உண்மையப் பேச மாட்டாங்க. அதுவும் அந்த முன்சீட்டுக் கதை கொஞ்சம் ஓவர்." சாவியை நீட்டினாள். "இந்தாங்க, அடுத்த பரீட்சைக்கு வேணுமில்ல. எனக்கு மட்டும் கொஞ்சம் பாத்து மார்க் போடுங்க."

அவர் சாவியை வாங்கவில்லை. ஈரம் காயாத கண்களால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விலகியது. நெற்றியில் ஒரு கட்டும், அதன் நடுவில் சிவப்பு மையுமாக ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சாரி மேடம், லேட்டாயிடுச்சு. இன்னைக்குக் குடிகாரன் நான்தான்."