ஒரு வாய் எச்சில்

எச்சில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதைச் செய்து காட்டினால் இசக்கிராஜா பாஸ். ஏற்கெனவே கோட்டை விட்ட அரியர் தேர்வு. சோதனைக் குழாயை வாயருகே பிடித்தான். பயத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டும் வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டு பூரா துப்புதிய, இதுல துப்ப வரலியாடே?” என்றார் பேராசிரியர். “வெளிய போயி, ஊறினதும் வா. லேப் பூட்டியாச்சுன்னா அடுத்த வருசந்தான்.”

கல்லூரி வாசலில் ஒருத்தி மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் வாய் நிறைந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். லேப் உதவியாளர் கதவைச் சாத்திப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இசக்கிராஜா தன் உப்பிய கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

“என்ன வேணும்டே? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்?”