தாக்குப்பிடித்த ஊர்

"பரந்தன் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்துபோச்சாம்!" என்று கத்திக்கொண்டே செந்தூரன் மழைக்குள் ஓடிவந்தான். ஸ்கந்தபுரத்துச் சனசமூக நிலையக் கூரையில் சோலர் பூட்டிய கொம்பனியில்தான் அவனுக்கு வேலை. இனி அந்த ஒழுங்கையிலிருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் அங்கேயிருந்த பற்றரிதான் கதி.

அவனுடைய அக்கா விமலேஸ்வரி, குஞ்சு பொரிக்கும் பெட்டியின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளம் கோழிகளை அள்ளிக்கொண்டு போனபின் மிஞ்சிய நாலைந்து பேடுகளின் முட்டைகள் அவை. ஒன்றிரண்டு ஓடுகளில் கீறல் விழுந்து, உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"எப்ப வருமெண்டு கறன்ற் கந்தோருக்கு ஃபோன் அடிச்சுக் கேளன் தம்பி."

"தேவையில்லை அக்கா. அவைக்குத் தெரியும்."

பின்னேரமானபோது பற்றரி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மழை மூட்டத்தில் சோலரும் ஏறவில்லை. பக்கத்து வீட்டு ஏரம்பு, ஒட்சிசன் மெசின் இல்லாவிட்டால் மூச்சு எடுக்கமாட்டார். அவருடைய மகள் ஜெயரூபி படலையைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள்.

"எல்லாரும் பிரிஜ்ஜை நிப்பாட்டிப்போட்டினம்," என்றான் செந்தூரன். "விடியுமட்டும் ஏரம்பண்ணையின்ர மெசின் ஓடவேணுமெண்டா..."

அவன் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான்.

விமலேஸ்வரி பிளக்கைத் தானே இழுத்தாள். முட்டைகளைப் பழைய சீலையில் சுற்றி, சுடுதண்ணிப் போத்தல்களை அணைத்து வைத்து, பக்கத்திலேயே பாயைப் போட்டாள்.

மறுநாள் காலையில் கறன்ற் வந்தபோது கீச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஓட்டைக் குத்தி வெளியே வந்த சொண்டு ஒன்று அப்படியே விறைத்துக் கிடந்தது. அந்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தவளிடம் செந்தூரன் வந்தான்.

"எங்கட ஊர் நல்லாத் தாக்குப்பிடிச்சதெண்டு கொம்பனியில பெரிய சந்தோசம் அக்கா. உங்களைத்தான் கூட மெச்சினவை."

"மெச்சினதை விடு. ஏரம்பண்ணை உயிரோட இருக்கிறார், அது காணும்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மரம் விழுந்ததுக்கு ஆரை நோகிறது?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவருக்கு ஒண்டும் நடந்திராது அக்கா. அவசரத்துக்கெண்டு முந்தநாளே ஒட்சிசன் சிலிண்டர் ஒண்டு வானுக்குள்ள கொண்டுவந்து வைச்சனாங்கள்."

"முந்தநாளோ?" அவள் கை முட்டையோடு அந்தரத்தில் நின்றது. "மரம் விழுந்தது நேற்றெல்லோ தம்பி?"

"மரம் ஒண்டும் விழேல்லை அக்கா. கறன்ற் இல்லாம ஊர் எவ்வளவு தாங்குமெண்டு கொம்பனி அளக்க, மெயின் சுவிச்சை இறக்கினது நான்தான்."